கே.எஃப்.சி.க்கே டஃப்... சீனாவின் மலிவு விலை உணவகங்கள் வளர்ந்தது எப்படி?

உலகத்திலேயே அதிகக் கிளைகள் வைத்திருக்கும் துரித உணவு நிறுவனம் எது? மெக்டொனால்ட்ஸ் என்றால், அது பழைய பதில். 2024 இறுதியில் அதற்கு இருந்த கிளைகள் 43 ஆயிரம் சொச்சம். சீனாவின் மிஷுவே நிறுவனத்துக்கோ 46 ஆயிரத்துக்கும் மேல். விற்பனைத் தொகையில் மெக்டொனால்ட்ஸ் எங்கேயோ இருக்கிறது, அது வேறு கணக்கு.

கே.எஃப்.சி. போட்ட பாதை

சீனாவுக்குள் கே.எஃப்.சி. நுழைந்தது 1987ல். முதல் கடை பெய்ஜிங்கில். மூன்று வருடம் கழித்து மெக்டொனால்ட்ஸ் ஷென்ஜெனில் கடை திறந்தது. அன்றைய சம்பளத்துக்கு ஒரு பர்கர் என்பது பிறந்தநாளுக்குப் போய்ச் சாப்பிடும் சமாச்சாரம்.

இந்த இடைவெளியைப் பிடித்ததுதான் வாலஸ். பெயரைக் கேட்டால் அமெரிக்கக் கம்பெனி மாதிரி இருக்கும், ஆனா பக்கா சீனச் சரக்கு. 2001ல் ஃபூஜோ நகரில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு அருகே தொடங்கியது. கோலா 1 யுவான், கோழிக்கால் 2 யுவான், பர்கர் 3 யுவான் என்ற ஆஃபர்தான் அதைத் தூக்கிவிட்டது. பெரிய நகரங்களின் மெயின் ரோட்டில் மல்லுக்கட்டாமல், சின்ன ஊர்களையும் வாடகை குறைவான தெருக்களையும் தேடிப் போனார்கள். கடை மேனேஜர், ஊழியர்களையே அந்தந்தக் கடையில் பங்குதாரர் ஆக்கினார்கள். தன் பணமும் அதில் இருப்பதால் யாரும் ஏனோதானோவென்று வேலை பார்ப்பதில்லை. கடைகள் சுமார் 20 ஆயிரம் வரை பெருகின.

லாபம் எங்கிருந்து வருகிறது?

மிஷுவேயின் கதை 1997ல் ஜெங்ஜோ நகரில், ஜாங் ஹோங்சாவ் என்ற கல்லூரி மாணவர் பாட்டி கொடுத்த பணத்தில் போட்ட ஐஸ் கடையில் ஆரம்பிக்கிறது. இன்றும் அங்கே கோன் ஐஸ் 2 யுவான், நம்ம ஊர்க் காசுக்கு 25 ரூபாய் பக்கம். எலுமிச்சை ஜூஸ் 4 யுவான்.

இவ்வளவு மலிவாக விற்று எப்படிக் கட்டுப்படியாகிறது? இங்கதான் விஷயமே இருக்கு. மிஷுவே உண்மையில் ஐஸ்கிரீம் விற்று வாழும் நிறுவனம் அல்ல. கிட்டத்தட்ட எல்லாக் கடைகளும் ஃபிரான்சைஸ். அவற்றுக்குப் பால் பவுடர், சிரப், கப், மெஷின் எல்லாவற்றையும் விற்பதில்தான் வருமானத்தில் 97 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. மூலப்பொருள்களில் பெரும்பகுதி சொந்த ஃபேக்டரியிலேயே தயாராகிறது. எனவே அடக்கவிலை குறைகிறது.

ஆனால் வாடகை, கூலி, கரண்ட் பில் எல்லாம் கடை எடுத்தவர் தலையில். இஷ்டத்துக்கு விலையை ஏற்றவும் முடியாது. நாலு தெரு தள்ளி அதே பெயரில் இன்னொரு கடை வந்தால், வாடிக்கையாளர் பிரிந்துபோவார். கம்பெனிக்கோ, சரக்கு வாங்கும் கடை ஒன்று கூடுகிறது. முதலீட்டாளர்களுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனது. 2025 மார்ச்சில் ஹாங்காங் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளே பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் எகிறியது.

எல்லை தாண்டியதும்...

2018ல் வியட்நாமில் கால்வைத்த மிஷுவே, அங்கும் இந்தோனேசியாவிலும் மளமளவென ஆயிரக்கணக்கில் கடை திறந்தது. சீனாவில் ஸ்டார்பக்ஸை விற்பனைத் தொகையில் 2023ல் முந்திய லக்கின் காஃபி, 2025 ஜூனில் நியூயார்க்குக்கே போய்விட்டது.

எல்லாம் ஏறுமுகம் என்றும் சொல்ல முடியாது. 2025 முதல் பாதியில் மிஷுவேயின் வெளிநாட்டுக் கடைகள் சற்றே குறைந்தன. குறைந்ததும் அதே இந்தோனேசியா, வியட்நாமில்தான்.