சிவகாசி விளம்பர அச்சும் அங்கதமும்

சிவகாசி விளம்பர அச்சு என்பது, விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்குத் துணையாகத் தோன்றி, பின்னர்த் தலைவர், நடிகர், கடை முதலாளி என எவருடைய உருவத்தையும் ஆயிரக்கணக்கில் பெருக்கித் தரும் தனித்தொழிலாக வளர்ந்த லேபிள், காலண்டர், சுவரொட்டி அச்சைக் குறிக்கும். இத்தொழில் தற்பெருமையை விலைபேசி அச்சிட்டுக் கொடுக்க, அப்பெருமையை எள்ளி நகையாடும் அங்கதம் பத்திரிகையிலும் திரையிலும் வளர்ந்தது.

பி. அய்யநாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியபின், பெட்டிகளுக்கு வேண்டிய லேபிளை அடிக்க லித்தோ எனப்படும் கல்லச்சு ஊருக்குள் வந்தது. எல்லாத் தீக்குச்சிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே எரிந்ததாலும், வாங்குவோரில் பலர் எழுத்தறியாதவராக இருந்ததாலும், அணில், சேவல் போன்ற படங்களே சரக்கை அடையாளங்காட்டின. வணிகப்பெயர் நாளடைவில் ஊரின் பெருமையாகவே ஆகிவிட்டதற்கு, ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி என ஒரு கல்லூரி பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கி நிற்பதைச் சான்றாகக் காட்டலாம்.

மிகைப்படுத்தல் தன் முழு வீச்சைக் காட்டுவது பட்டாசு உறைகளில்தான். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத குருவி வெடியும், பச்சை நூல் சுற்றிய ஆட்டம் பாமும் ஒரே கடைத்தட்டில் அடுக்கப்பட்டிருக்க, பின்னது ஒரு நகரத்தையே அழித்த ஆயுதத்தின் பெயரைக் கூச்சமின்றிச் சூடிக்கொள்கிறது. லட்சுமி வெடியின் உறையிலுள்ள திருமகள் படம் வெடித்துச் சிதறித் தெருவில் மிதிபடுவதைப் பக்தர்கள் கண்டித்ததுண்டு. வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 1999-இல் விதி செய்யப்பட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்தது. உறைமேல் உள்ள எரிமலைகளையும் ஏவுகணைகளையும் அடக்க மட்டும் இதுவரை யாரும் விதி வகுக்கவில்லை.

காலண்டர் வணிகத்துக்கு ஆடிப்பெருக்கே புத்தாண்டு. அன்று பூசையிட்டு வெளியிடப்படும் மாதிரித் தொகுப்பை, தொழிலில் ‘ஆல்பம்’ என்பர். கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சின் வழியே வீடுதோறும் சென்றன. அப்படங்களுக்கு அடியில் கடைப்பெயரும், சில வேளைகளில் முதலாளியின் சிரித்த முகமும் இடம்பெற்றதால், ஆண்டு முழுவதும் முருகனோடு சேர்த்து மளிகைக்கடைக்காரரையும் வணங்கும் நிலை குடும்பங்களுக்கு ஏற்பட்டது. தேர்தல் காலத்தில் எதிரெதிர்க் கட்சிகளின் சுவரொட்டிகளை ஒரே அச்சகம் அடிப்பதும் இங்குப் புதிதன்று. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-அ பிரிவு, தேர்தல் சுவரொட்டியில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களும் முகவரிகளும் இருந்தாக வேண்டும் என்கிறது. ஆளுயரத் தலைவரின் காலடியில், சுவரை ஒட்டி நின்று பார்த்தாலொழியத் தெரியாத எழுத்தில், அச்சகத்தார் அதை நிறைவேற்றிவிடுகின்றனர்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை, வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் என்றும், பழியை மறைத்துச் சொல்லும் கரந்தது என்றும் இரண்டாக வகுக்கிறது. முதல் வகைக்குத் தமிழகத்தில் கிடைத்த வரவேற்பை 1987-இல் காண முடிந்தது: சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, அவர் ஓரிரு நாட்களில் விடுவிக்கப்பட்டார்.

அதே இதழில் கேலிச்சித்திரக்காரராக இருந்த சிம்புதேவன், இரண்டாம் வகையைக் கையாண்டு, 2006-இல் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’ படத்தை இயக்கினார். வடிவேலு நடித்த அரசன், கட்டுமஸ்தான வேறோர் உடலின்மேல் தன் தலையைப் பொருத்தி ஓவியம் வரையச் செய்வதும், அக்காமாலா, கப்சி ஆகிய அயல்நாட்டுப் பானங்களுக்குத் தானே விளம்பர முகமாவதும், காலத்தால் பின்தள்ளப்பட்ட கதை என்பதால் எவரையும் பெயர் சுட்டாமல் எல்லாரையும் தொட்டன. குறிப்பாக ஓவியக் காட்சி, அரசியல்வாதியைவிட, கேட்டபடி தோளை அகலமாக்கித் தரும் படக்கலை மரபையே கூர்மையாகக் குத்துகிறது எனலாம். அவ்வரசனின் முகபாவங்கள் இன்று கைப்பேசி மீம்களாகத் தலைவர்களைக் கேலி செய்து திரிகின்றன. அவற்றின் அடியில் அச்சிட்டவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.