ஆயர் தரையில் அமரட்டும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் ஒரே நீரில் மூழ்கியெழும் மக்கள் திரளைக் காணுந்தோறும் வடக்கன்குளம் என் நினைவுக்கு வரும். நெல்லைச் சீமையின் அவ்வூர் ஆலயத்தில் இறைமக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை.

கற்சுவர் வீழ்ந்தது, உள்ளத்துச் சுவர் வீழவில்லை. நம் பகுதியைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சமஉரிமையும் தனிப்பங்கும் கோரிய நாள்களில், 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

தொடக்கத் திருச்சபையும் இச்சோதனையை அறிந்திருந்தது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்லிருக்கை அளித்து, ஏழையைக் காலடியில் அமர்த்துவதை யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டித்தார். 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் ஒழுங்குநூல் மேலும் ஒருபடி செல்கிறது: ஏழை ஒருவர் வரும்போது இடமில்லையெனில், ஆயர் தாமே தரையில் அமர்ந்தேனும் அவருக்கு இடமளிக்க வேண்டும்.

இடம் கேட்டுப் போராடும் சுமையை அந்நூல் ஏழையின்மேல் ஏற்றவில்லை; எழுந்து இடம் விடும் கடமையைத் தலைவரிடம் வைத்தது. அன்பர்களே, பங்குப்பேரவையிலும் தேர்ப்பவனியிலும் கல்லறைத் தோட்டத்திலும் முதலில் எழ வேண்டியவர்கள், பங்குத்தந்தையாகிய நானும் நெடுங்காலமாய் முன்வரிசையில் அமர்ந்திருப்போருமே.