விருந்தாளிகளுக்காகக் காத்திருந்த புடாபெஸ்ட்

2023 ஆகஸ்ட் 19 முதல் 27 வரை உலகத் தடகளப் போட்டி நடந்த ஊர், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட். நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்றது அங்கேதான். நம் தமிழகத்து ராஜேஷ் ரமேஷ் கடைசி ஆளாக ஓட, இந்திய அணி 4x400 மீட்டர் தொடரோட்டத் தகுதிச் சுற்றில் 2 நிமிடம் 59.05 விநாடியில் ஆசிய சாதனை படைத்ததும் அங்கேதான். அந்த ஊருக்கு ஒரு பழைய ஏக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டான்யூப் நதியின் ஒரு கரையில் பூடாவும் ஒபுடாவும், எதிர்க்கரையில் பெஸ்ட். மூன்றும் 1873-ல்தான் ஒரே நகரமாயின. இங்கே பிறந்த ஆல்ஃபிரட் ஹாயோஷுக்கு 13 வயதாக இருந்தபோது, அவருடைய தந்தை டான்யூபில் மூழ்கி இறந்து போனார். மகன் நீச்சலைப் பிடித்துக் கொண்டார். 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில், குளிர்ந்த கடல் நீரில் நீந்தி இரண்டு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18! (ஹாயோஷ் என்பது அவரே வைத்துக் கொண்ட பெயர். மாலுமி என்று பொருளாம்.) பிறகு கட்டடக் கலைஞரான அவர், டான்யூபின் நடுவே இருக்கும் மார்கரெட் தீவில் ஒரு நீச்சல் அரங்கை வடிவமைத்தார். அது 1930-ல் திறக்கப்பட்டது. பின்னாளில் ஐரோப்பிய நீச்சல் போட்டிகளுக்கு வந்தவர்கள் அதில்தான் நீந்தினார்கள். தந்தையைக் கொண்டு போன ஆற்றின் நடுவிலேயே மகன் கட்டிய குளம்... எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, ஒலிம்பிக்? 1920 போட்டியை நடத்த விரும்பிய நகரங்களில் புடாபெஸ்டும் ஒன்று. முதல் உலகப் போர் வந்தது, ஹங்கேரி தோற்ற பக்கத்தில் இருந்தது. போட்டி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போயிற்று. நடத்த ஆசைப்பட்ட நாட்டுக்கு, கலந்து கொள்ளக்கூட அழைப்பு இல்லை!

அதன் பிறகு, 1953-ல் திறந்த 'மக்கள் ஸ்டேடியத்தில்' 1966-லும் 1998-லும் ஐரோப்பியத் தடகளப் போட்டிகள் நடந்தன. ஒலிம்பிக் மட்டும் வரவில்லை. 2024 போட்டிக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். இந்த முறை தடுத்தது போர் அல்ல, ஊர்க்காரர்களே. பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று 2017-ன் தொடக்கத்தில் 2,66,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்தப் பணத்தை மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் செலவிடலாமே என்பது அவர்கள் வாதம். நகரம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

கையெழுத்திட்டவர்களை விளையாட்டு வெறுப்பாளர்கள் என்று சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். அதே வருடம் ஜூலையில் உலக நீச்சல் போட்டி அங்கே நடந்தது. நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் உயரமான மேடை அமைத்து வீரர்கள் குதித்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

2023 தடகளப் போட்டிக்காக நகரின் தென்பகுதியில், டான்யூப் கரையிலேயே, புது அரங்கம் எழுப்பினார்கள். சுமார் 35,000 பேர் அமரலாம். ஆனால் மேலடுக்கு இருக்கைகளை மட்டும், விருந்தாளிகள் போன பிறகு கழற்றி எடுத்துவிடலாம் என்ற திட்டத்தோடு கட்டினார்கள்.