முள்ளைச் சந்தேகிக்கும் உரிமை

தோட்டப்புறத் தமிழரின் வரலாறு என்றால் கித்தா மரம், கள்ளுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி என்றுதான் எழுதுகிறோம். மோட்டார் பட்டறை அதில் வருவதே இல்லை. கெடாவில் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில், அப்பா கையில் பால்வெட்டும் உளி, மகன் கையில் ஸ்பேனர். மலாயில் மெக்கானிக்கை 'போமென்' என்பார்கள். ஆங்கில ஃபோர்மேன்தான் அப்படித் திரிந்தது. அந்தப் போமென்களின் அறிவு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: பழைய காரின் மீட்டர்.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் மலாயாவிலும் ஓடியது. துரையோ பெரிய கிராணியோ ஓட்டிக் கழித்த வண்டி வாத்தியார் கைக்கும் கடைக்காரர் கைக்கும் மாறி, கடைசியில் பட்டறைக்கு வரும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்மித்ஸ் மீட்டர்தான். 1851இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மீட்டரின் முகமும் கடிகாரம் போலவே இருக்கும். அதனாலேயே நாம் அதை நம்பிவிடுகிறோம்.

ஆனால் முள் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. டாங்கிக்குள் ஒரு மிதவை, அதிலிருந்து ஒரு கம்பி, அதில் ஓடும் மின்சாரம். முள்ளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பழைய வகை மீட்டரில் அந்தக் கம்பி அறுந்தால் முள் 'ஃபுல்' காட்டும். டாங்கி காலியாக இருக்கும், வண்டி செம்மண் சாலையில் நின்றுவிடும். 1960களின் நடுவில் பரவிய அடுத்த வகையில் எல்லாம் தலைகீழ். அதே கம்பி அறுந்தால் 'எம்ப்டி' காட்டும். ஒரே கம்பெனி, ஒரே கோளாறு, இரண்டு எதிரெதிர்ப் பொய்கள். எந்த வகை என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல மீட்டரைக் கழற்றி வீசுவோம்.

புது வகையில் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டுவிட்டுத் தந்து, சராசரியாக 10 வோல்ட் ஆக்கும் ஸ்டெபிலைசர். சூடு காட்டும் மீட்டரும் உள்ள வண்டியில், இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே ஏறினால் சந்தேகம் அந்தப் பெட்டியின் மேல், அல்லது அதன் எர்த்தின் மேல். துரு ஏறிய ஒரு திருகைச் சுரண்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஒரு முள் மட்டும் பிசகினால் அதற்குரிய கம்பியைத் தேட வேண்டும்.

சுங்கை பட்டாணியில் ஒரு போமென் மாமா என்னிடம் சொன்னார்: "தம்பி, முள்ளு என்ன சொல்லுதுன்னு கேக்காத. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு பாரு."

வேக மீட்டரும் அப்படித்தான். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண் அதன் முகத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எண் பொருந்தாத மீட்டரை வேறொரு வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டினால், கோளாறே இல்லாமல் பொய் சொல்லும். 1972இன் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெல்ல கிலோமீட்டருக்கு மாறியது. மைல் காட்டும் முட்கள் அப்படியே இருந்தன. நம் பேச்சிலும் மைல் 'கட்டை'யாகவே நின்றுவிட்டது.

தோட்டத்தில் வேறு முட்களும் இருந்தன. பால் நிறுக்கும் இடத்தில் தராசு. பாலில் கித்தா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மிதந்து காட்டும் மெட்ரோலாக். அவை காட்டிய எண்தான் கூலி. வாசிப்பவர் கிராணி, எழுதுபவரும் கிராணி. "இந்த முள்ளு சரியா?" என்று வெட்டுக்காரர் கேட்டால் அது திமிர். அதே கேள்வியைப் பட்டறையில் அவர் மகன் கேட்டால் அது தொழில். தோட்டத்திலிருந்து பட்டறைக்கு வந்த தூரத்தை நான் இந்தக் கேள்வியால்தான் அளக்கிறேன். சம்பள உயர்வு அதற்குப் பிறகுதான்.

இன்று கூலிமிலும் குரூணிலும் கார் பொருத்தும் ஆலைகள் நிற்கின்றன. புது வண்டியில் கோளாறை கம்ப்யூட்டர் சொல்கிறது. பழைய பட்டறைகளில் இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது எந்தத் தோட்ட வரலாற்று நூலிலும் நான் காணாதது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால் சொல்வார்கள்.