பான்டிங்கின் எடைக் கணக்கு

ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கலாம் என்ற விளம்பரங்கள் பஸ்ஸின் பின்பக்கம் முதல் செல்போன் திரை வரை எங்கும் இருக்கின்றன. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்று டாக்டர் சொன்னால் யாருக்கும் ருசிப்பதில்லை. இத்தனைக்கும் உலகில் முதன்முதலாகப் பெரும் புகழ் பெற்ற டயட் கதைகளில் ஒன்று, மிக மெதுவாக எடை குறைத்த ஒரு மனிதருடைய கதைதான். அவர் பெயர் வில்லியம் பான்டிங். (இன்சுலின் கண்டுபிடித்த ஃபிரெடரிக் பான்டிங் வேறு, இவர் வேறு!)

பான்டிங் 1796இல் பிறந்த லண்டன்காரர். குடும்பத் தொழில் கொஞ்சம் வித்தியாசமானது. இறந்தவர்களின் இறுதி ஊர்வலத்தை ஏற்பாடு செய்து தருவார்கள். அதுவும் சாதாரண ஆட்களுக்கு மட்டும் அல்ல. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் (1820), நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு (1852), விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் (1861) ஆகியோரின் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுத்தது அவர்களுடைய நிறுவனம்தான். பணம் இருந்தது, மரியாதை இருந்தது. கூடவே உடம்பும் இருந்தது. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ.

குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் வலி தாங்காமல் பின்பக்கமாகத் திரும்பி இறங்குவாராம். சும்மா இருந்துவிடவில்லை மனிதர். முப்பது வயதுக்குப் பிறகு எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்தார். ஒருவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்று தினமும் காலையில் படகு வலித்தார். உடம்பு வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது! துருக்கியக் குளியல், குதிரைச் சவாரி, லீமிங்டன், ஹாரோகேட் போன்ற ஊர்களின் மருத்துவ ஊற்றுகள், பட்டினிக்கு அருகில் போகும் குறைந்த சாப்பாடு என்று எதையும் அவர் விடவில்லை. எதுவும் நிலைக்கவில்லை.

1862இல் காது கேட்பது மந்தமானதால் வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். (ரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வி அல்ல, அவர் இருநூறு வருடம் முந்தியவர். பான்டிங் கதை முழுக்க இப்படிப் பெயர்க் குழப்பம்தான்.) இந்த ஹார்வி பாரிஸுக்குப் போயிருந்தபோது, கல்லீரலும் சர்க்கரையும் பற்றி ஆராய்ந்த கிளாட் பெர்னார்டின் சொற்பொழிவுகளைக் கேட்டவர். காதுக் கோளாறுக்குக் கொழுப்புதான் காரணம் என்று நினைத்த அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் நிறுத்தச் சொன்னார். பதிலுக்கு இறைச்சி, மீன், காய்கறி, கொஞ்சம் பழம், ஒரு சிறு துண்டு டோஸ்ட். வைனுக்குத் தடை இல்லை, தாராளமாகவே இருந்தது. இன்றைய டாக்டர்கள் இந்தச் சீட்டைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். பான்டிங் வியாபாரி அல்லவா, தேதி போட்டுக் கணக்கு எழுதினார். 1862 ஆகஸ்டில் 202 பவுண்டு. முதல் பன்னிரண்டு நாளில் குறைந்தது வெறும் 2 பவுண்டு! இன்றைய ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அதன் பிறகு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு பதிவு. பெரும்பாலும் 2 அல்லது 3 பவுண்டுதான் கழிகிறது. அதிகபட்சம் 4, அதுவும் ஒரே ஒரு முறை. கிறிஸ்துமஸ் சமயத்தில் 184. அடுத்த செப்டம்பரில் 156. மொத்தம் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ. எடுத்துக்கொண்ட காலம் 13 மாதம். வாரத்துக்கு 400 கிராம்கூட வரவில்லை. பி.காம். படிக்கிறவர்கள் இதைப் பார்த்தால் நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்ட மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1863இல் சொந்தச் செலவில் சின்னப் புத்தகம் ஒன்றை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். கேட்டவர் கூட்டம் பெருகவே பிறகு விலைக்கு வந்தது, லாபம் தர்மத்துக்குப் போனது. அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆயிற்று. "பான்ட் செய்கிறாயா?" என்றால் டயட்டில் இருக்கிறாயா என்று பொருள். ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் எடை குறைக்க முயல்வதற்கு 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் பாருங்கள், உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சாப்பாட்டுப் பட்டியலை மட்டும். மாவுச்சத்து கூடாது, இறைச்சி கூடும் என்பது பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2013க்குப் பிறகு பான்டிங் பெயரிலேயே வந்தது. அந்த 13 மாதக் கணக்கை யாரும் பொருட்படுத்தவில்லை.

வேகத்தின் கதை எப்படிப் போனது? 1970களின் நடுவில் அமெரிக்காவில் சாப்பாட்டையே விட்டுவிட்டுத் திரவப் புரதத்தை மட்டும் குடிக்கும் மோகம் பரவியது. விலங்குகளின் தோல், எலும்புப் பகுதிகளிலிருந்து எடுத்த மட்டமான புரதம் அது. ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள், பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போனது. 1988இல் ஓப்ரா வின்ஃப்ரே, மருத்துவக் கண்காணிப்போடு சில மாதம் திரவ உணவில் இருந்து 67 பவுண்டு குறைத்தார். அதே அளவு கொழுப்பை ஒரு சின்ன வண்டியில் வைத்து மேடைக்கு இழுத்து வந்து காட்டினார். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பியது. இதை அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பட்டினி கிடந்தபோது என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பழகவே வாய்ப்பு இல்லையே!

உடம்பும் வேகத்துக்கு ஒத்துழைப்பதில்லை. போட்டி வைத்து எடை குறைக்கும் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது, தசையும் அதிகம் கரைகிறது.

அப்படியானால் மெதுவாகக் குறைத்தால் திரும்பவே திரும்பாதா? அதுவும் உண்மை இல்லை. 2014இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில் 200 பேரில் பாதிப் பேர் 12 வாரத்திலும் மீதிப் பேர் 36 வாரத்திலும் எடை குறைத்தார்கள். மூன்று வருடத்தில் இரு தரப்பிலும் குறைத்ததில் சுமார் 70 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. மெதுவாக என்பதை ஒரு மந்திரம் போல் சொல்பவர்கள் இந்த ஆய்வைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 36 வாரம் முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குப் போனால் 12 வாரக்காரர் கதிதான். பான்டிங்குக்கு உதவியது வேகக் குறைவு மட்டும் இல்லை. 13 மாதம் முடிந்தபோது அந்தச் சாப்பாடு அவருக்கு வழக்கமாகவே மாறியிருந்தது, நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த ஜீன் நிடெட்ச் என்ற குடும்பத் தலைவி இதையே நூறு வருடம் கழித்துச் செய்தார். 1961இல் 214 பவுண்டு இருந்த அவர், சுகாதாரத் துறை கிளினிக் தந்த சாதாரண உணவு முறையைப் பின்பற்றினார். ராத்திரியில் திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்பதை மட்டும் விட முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ள ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்தார். அந்தக் கூட்டம் வாராவாரம் நடந்தது. 1962 அக்டோபரில் 142 பவுண்டு. 1963இல் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் பிறந்தது. 1978இல் அதை ஹைன்ஸ் நிறுவனம் சுமார் 7 கோடி டாலருக்கு வாங்கியது. ஆம், தக்காளி கெட்சப் விற்கும் அதே ஹைன்ஸ்தான்! நிடெட்ச் 2015இல் தமது 91ஆம் வயதில் காலமானார்.

பான்டிங்கைப் பல மருத்துவர்கள் கேலி செய்தார்கள். சவப்பெட்டிக்காரருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்றார்கள். அவர் விடவில்லை. 1869இல் வந்த நான்காம் பதிப்பில், தமக்குக் கடிதம் எழுதியவர்களின் அனுபவங்களையும் சேர்த்தார். 1878இல் 81ஆம் வயதில் அவர் இறந்தார். பழைய 202 பவுண்டு கடைசி வரை திரும்பி வரவில்லை.