கடற்பனியும் கண்ணாடி இழையும்

வடமுனைக் கடலிற் சென்றோர் குளிரினும் பனியின் நெருக்கத்திற்கே பெரிதும் அஞ்சினர். காற்றும் நீரோட்டமும் தள்ளும் பனித்தளங்களிடையே அகப்பட்ட கலம் நொறுங்கும். 1881 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கக் கப்பலாகிய ஜீனெற் சைபீரியாவுக்கு வடக்கே இவ்வாறே அழிந்தது. நோர்வே அறிஞர் நான்சன், நெருக்கம் கலத்தை மேலே உயர்த்துமாறு அடிப்பக்கம் உருண்ட பிராம் என்னும் கப்பலை அமைப்பித்தார். அது 1893 முதல் 1896 வரை பனியிற் சிக்கி மிதந்தும் சிதையாது மீண்டது.

1937 இல் பாப்பானினும் மூவரும் வடதுருவத்தருகே பனித்தளமொன்றிற் குடியேறினர். 1938 பெப்ரவரியில் அத்தளம் பிளவுற்றுச் சிறுத்தது; கப்பல்கள் சென்று அவர்களை மீட்டன. பனியின் உள்ளே வளரும் விகாரத்தை, அதாவது இழுபட்டும் அமுக்குண்டும் அது நீளம் மாறுவதை, நெடுந்தூரம் தொடர்ந்தளக்கும் கருவி அக்காலத்தில் இல்லை.

1966 இல் காவோ, ஹொக்காம் ஆகிய இருவரும், தூய கண்ணாடி இழை ஒளியை நெடுந்தூரம் கடத்தவல்லது எனக் காட்டினர். அவ்விழையைப் பனியில் உறையவிட்டு ஒளித்துடிப்பைச் செலுத்தினால், ஒரு சிறு பகுதி சிதறித் திரும்பும். இழை நீளுமிடத்தில் அவ்வொளியின் அதிர்வெண் மாறும். திரும்பும் நேரம் இடத்தை உணர்த்தும். வெப்பநிலையும் அதே மாற்றத்தை விளைப்பதால், இழுப்புறாத வேறோர் இழையைக் குழாயினுள் தளர்வாக இட்டு அதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

வடமுனைப் பனி மெலிந்துவரும் இந்நாளில், அதன்மேற் பயணஞ்செய்து வாழும் இனுயிற் மக்களுக்கு இவ்வறிவு உயிர்காப்பாகும். நான்சன் பனியின் விசைக்கு ஈடுகொடுக்கும் கலத்தைச் சமைத்தார். இன்றோர் அவ்விசை பிளவாக வெளிப்படுமுன் அதனை அறிய முயல்கின்றனர்.