வன்னித் தச்சுப் பட்டறையும் தேய்ப்புருளையும்

வன்னியின் வரலாற்றை எழுதுவோர் அரசுகளையும் குளங்களையும் போர்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். அந்நிலத்துக் கைவினைஞர் எக்கருவியை எக்காரணத்தாற் கைக்கொண்டனர் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. ஆயினும் ஒரு கருவியின் வரலாறு அதனைக் கையாளும் மக்களின் வரலாறேயாகும். தச்சுப் பட்டறைகளில் 'சாண்டர்' என வழங்கும் பொறிகளுள் ஒன்றான தேய்ப்புருளை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முள்ளியவளை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு அணித்தாய், வயலும் காடும் அடுத்தடுத்து அமைந்த ஊராகும். வன்னிக் காடுகள் முதிரை, பாலை, கருங்காலி, வீரை முதலிய வைரமரங்களுக்குப் பெயர்பெற்றவை. இவற்றுள் முதிரையின் பொன்னிறத்தை இங்கிலாந்தின் தளபாடக் கைவினைஞரும் விரும்பி நாடினர். ஆனால் இம்மரத்தின் இழைகள் ஒரே திசையிற் செல்வனவல்ல. ஒன்றுக்கொன்று மாறாகப் பின்னிச் செல்வன. சீவுளி ஓரிடத்தில் வழுவழுப்பாக ஓட, அடுத்த இடத்தில் இழையைப் பெயர்த்துக் குழி விழுத்தும். ஆகவே முதிரைப் பலகையின் இறுதி மெருகு சீவுதலால் மட்டும் வருவதன்று, தேய்த்தலாலேயே நிறைவுறுவது. தேய்ப்புப் பொறிக்கான தேவை இம்மண்ணின் மரத்திலேயே அடங்கியிருந்தது எனலாம்.

தேய்த்தற்கலை மிகப் பழையது. சொரசொரப்பான பராய் இலையால் மரத்தையும் தந்தத்தையும் மெருகிடும் வழக்கம் நம்மவரிடையே இருந்தது. சீனர் 13ஆம் நூற்றாண்டிலேயே சிப்பித்தூளையும் மணலையும் பிசினால் ஒட்டிப் பயன்படுத்தினர். 1834இல் அமெரிக்கரான ஐசாக் ஃபிஷர் அரத்தாள் செய்யும் முறைகளுக்கு உரிமம் பெற்றார். 1891இல் எட்வேர்ட் அச்சிசன் கார்போரண்டம் என்னும் கடின பொருளைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு ஆலைகளில் அரத்தாள் சுற்றிய உருளைகள் சுழலத் தொடங்கின.

அவ்வாலைப் பொறி சிற்றூர்ப் பட்டறையின் வருவாய்க்கு எட்டாதது. அன்றியும் 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமும் எரிபொருளும் இரும்பும் வன்னிக்கு அரிய பொருள்களாயின. மண்ணெண்ணெயால் இயந்திரம் ஓட்டியும், துவிச்சக்கரவண்டி டைனமோவால் வானொலி கேட்டும் மக்கள் காலங்கழித்தனர். 2002இல் தடைகள் தளர்ந்தன. எனினும் 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு மீண்டும் யாவற்றையும் குலைத்தது. பெயர்ந்து சென்றோர் கையில் எடுக்கக்கூடியவற்றையே எடுத்தனர். பட்டறையைச் சுமந்து செல்ல எவராலும் இயலாது. மீண்டுவந்தோருக்குத் தொழிலறிவே எஞ்சிய முதலாயிற்று.

இந்நிலையில், தேய்ப்புருளையைத் தச்சரே தம் கையாற் செய்துகொள்ளக்கூடியது என்பது கருதத்தக்கது. ஒட்டுப்பலகையில் வட்டங்களை வெட்டி, இரும்புத் தண்டொன்றிற் கோத்து ஒட்டினால் உருளை அமையும். தண்டின் இருமுனையும் போதிகைகளிற் சுழலும். கப்பியும் பெல்ட்டும் மோட்டரின் விசையைக் கொணரும். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை நிமிடத்திற்கு 1450 முறை சுழலுமாயின், அதன் மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 455 மீற்றர் ஓடும். உருளைக்குக் கீழுள்ள மேசையைத் திருகாணியால் உயர்த்தியும் தாழ்த்தியும் பலகையின் தடிப்புக்கேற்ப அமைப்பர்.

இதன் நுட்பம் உருளையைச் சமப்படுத்தும் முறையிலேயே உள்ளது. கையால் வெட்டிய வட்டங்கள் முற்றும் ஒத்திரா. ஆதலால் அரத்தாள் ஒட்டிய பலகையொன்றை மேசைமேல் வைத்து, சுழலும் வெற்றுருளையை அதன்மீது சிறிது சிறிதாகத் தேயவிடுவர். மேடு தேயும், உருளை தன் மேசைக்கே இணையாகும். அதன் பின்னரே அரத்தாளைச் சுருளாகச் சுற்றுவர். கடைசற்பொறி இல்லாத குறையை இவ்வாறு அப்பொறியே தீர்த்துக்கொள்கின்றது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. பலகையை உருளை சுழலும் திசைக்கு எதிராகவே செலுத்தல் வேண்டும். மாறிச் செலுத்தின் அது வீசியெறியப்படும். முதிரைத்தூள் தோலில் அழற்சி தருவது; மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாவதென 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் வகைப்படுத்தியது. ஆதலால் தூளை உறிஞ்சும் அமைப்பும் முகமூடியும் இல்லாத பொறியை நிறைவுற்ற பொறியெனக் கொள்ளலாகாது. பணச்சிக்கனத்தின் பேரால் தொழிலாளியின் மூச்சைச் செலவிடுதல் சிக்கனமாகாது.

பராய் இலையிலிருந்து தேய்ப்புருளைவரை கருவிகள் மாறின; முதிரையின் பின்னிய இழை மாறவில்லை. அம்மரத்தை அறிந்த கைகள் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கவல்லன. இழந்த பட்டறையை மீள எழுப்பும் சமூகத்திற்கு நன்கொடையாக வரும் பொறி உதவலாம். ஆனால் பொறியைச் செய்யும் அறிவே நிலைத்த முதலாகும்.